குவாரிக்காரரின் மச்சினி

ஊர் அடிக்கடி குலுங்கத் தொடங்கியதும் பழி யார் தலையில் என்று சீக்கிரமே முடிவாகிவிட்டது. குவாரியில் வெடி வைக்கிறார்கள், அதனால்தான் சுவர் விரிசல் விடுகிறது என்றார்கள். குவாரி மூடப்பட்டது. ஆராய வந்த நிலவியல் அதிகாரியோ குவாரிக்காரரின் மச்சினி.

"அத்தானை விட்டுக் கொடுப்பாளா?" என்று கடைத்தெருவில் அவள் காதுபடவே பேசினார்கள்.

அக்கா வேறு நச்சரித்தாள். "குவாரி காரணமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லேன்டி."

"தெரியாததை எப்படிக்கா சொல்றது?"

வெடியின் அதிர்வு தரைமட்டத்தை ஒட்டியே கிளம்புவது. பூமி தானாக நடுங்கினால் அது ஆழத்திலிருந்து வரும். அந்த ஆழத்தைக் கணக்கிட, எங்கோ தொலைவில் இருந்த நிலநடுக்கப் பதிவு நிலையம் மட்டும் போதாது. அதனால் சின்னச் சின்ன அதிர்வுமானிகளை வரவழைத்து, ஊரைச் சுற்றி வைத்தாள். ஒன்று தையல்காரர் வீட்டுப் பின்னறையில்.

"நான் மெஷினை மிதிக்கலாமா?" என்று கேட்டார் அவர்.

"தாராளமா மிதிங்க. ஆனா முன்னறையில."

குவாரி மூடிய பிறகும் நடுக்கம் ஓயவில்லை. பதிவானதையெல்லாம் வரைபடத்தில் இட்டபோது, புள்ளிகள் பல கிலோமீட்டர் ஆழத்தில் சாய்ந்த பலகைபோல் வரிசையாக விழுந்தன. பலகையை அப்படியே மேலே நீட்டினால் ஆற்றுக்கு அப்பால், மலையடிவாரத்தில் வந்து முட்டியது. குவாரி இருந்ததோ ஊரின் மறுகோடியில்.

அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம். மனசு ஆசைப்பட்டதைக் கை வரைந்துவிட்டதோ? பதிவுகளை மட்டும் வேறு ஊரில் இருந்த சக ஆராய்ச்சியாளருக்கு அனுப்பி, தன் முடிவைச் சொல்லாமல் கணக்குப் போடச் சொன்னாள். அவருக்கும் அதே பலகைதான் கிடைத்தது.

பிறகு மலையடிவாரத்தில் பள்ளம் தோண்டினார்கள். கூழாங்கல் அடுக்கு ஓரிடத்தில் அறுந்து, முழங்கால் உயரம் இறங்கிக் கிடந்தது. அதற்கு மேல் பின்னாளில் படிந்த மண்ணும் அதே கோட்டில் அறுந்திருந்தது. பூமிக்குள் பலகைபோல் சாய்ந்து இறங்கும் பழைய பிளவுதான், ஆனால் இன்னும் அசைகிறது. அவள் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அந்த மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

புது மருத்துவமனைக்குக் குறித்திருந்த இடம் சரியாக அந்தக் கோட்டின் மேல். அஸ்திவாரம் போடும் முன்பே அதை வேறு பக்கம் மாற்றினார்கள். குவாரியும் திறந்தது.

"நான் நல்லவன்னு ஊருக்கே சொல்லிட்டியாமே?" என்றார் அத்தான்.

"நடுக்கத்துக்கு நீங்க காரணமில்லன்னுதான் சொன்னேன். தூசிக்கு நீங்கதான் அத்தான்."

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போதும் எப்போதாவது தரை லேசாக உதறுகிறது. நடுக்கத்தில் சுவர் பிரிந்துவிடாதிருக்க, தையல்காரர் தன் வீட்டு மூலைகளுக்குக் கம்பி கட்டுகிறார். அவரைப் பார்த்துத் தெருவில் இன்னும் சிலர் கொத்தனாரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.