தாயாதிகளின் சர்வர்

திருப்பதியில் வைஜயந்தியைக் கெட்டிக்காரி என்பார்கள். அதே மூச்சில், வாய் மட்டும் கொஞ்சம் அடங்கினால் தேவலை என்பார்கள். திருப்பதியைப் பற்றி அவளுக்கும் ஓர் அபிப்ராயம் உண்டு. அதை அச்சில் போட முடியாது.

காலையில் சித்தூர் பஸ் ஏறுவாள். அங்கே ஒரு தனியார் கல்லூரியில், கம்ப்யூட்டரைத் தொடாமலேயே கம்ப்யூட்டர் பட்டம் வாங்கிவிடத் துடிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம். சாயங்காலம் திரும்பும்போது அப்பாவுவின் கேபிள் ஆபீசுக்குள் நுழைவாள். சித்தூரில் பாதித் தெருக்களுக்கு இன்டர்நெட் கொடுப்பவன் அப்பாவு. அவனுடைய பின்னறை அலமாரியில் டிபன் டப்பா அளவில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெட்டிகள் அவளுடையவை. அவள் சம்பளத்தில் பாதியைத் தின்றவை.

அந்தப் பெட்டிகள் வந்த கதை ஒரு தீட்டில் ஆரம்பிக்கிறது. வைஜயந்தியின் வகையறா கோயில் கைங்கர்யக்காரர்கள். தாயாதி வீடுகள் ஏதாவதொன்றில் சாவோ பிறப்போ நேர்ந்தால் பத்து நாள் எல்லோருக்கும் தீட்டு. அந்த நாட்களில் முறை வந்தாலும் மலையேறிக் கைங்கர்யம் செய்யக்கூடாது. ஆகவே சேதி உடனே போய்ச் சேர வேண்டும். அதற்காக ஒரு பெரிய கம்பெனியின் ஆப்பில் குரூப் வைத்திருந்தார்கள். ஒருமுறை ஒரே சாவுச் சேதியை எல்லோரும் எல்லோருக்கும் தள்ளிவிட, எங்கோ இருந்த யந்திரம் இது மோசடி என்று தீர்மானித்துக் குரூப்பையே அழித்துவிட்டது. சேதி தெரியாத வெங்கடராகவன் பெரியப்பா தீட்டோடு கைங்கர்யம் பண்ணிவிட்டு இறங்கிவந்தார். விஷயம் தெரிந்ததும் அழுதார். கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்கள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

அன்று வைஜயந்தி உட்கார்ந்தாள். எவருக்கும் சொந்தமில்லாத, யார் வேண்டுமானாலும் எடுத்தாளக்கூடிய, கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான திறந்த நெறிமுறை ஒன்று ஏற்கெனவே உலகத்தில் இருந்தது. அந்த விதிப்படி எழுதினால் ஒரு சர்வர் இன்னொரு சர்வரோடு நேரே பேசும். நடுவில் முதலாளி கிடையாது. தாயாதி வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்வர், ஒரு பெட்டி என்று அப்பாவுவின் அலமாரியில் வைத்தாள். ஒரு வீட்டார் போட்ட சேதி மற்ற வீடுகளின் சர்வர்களுக்குப் போய்த் தங்கும். தங்கியதை வேறெவரும் அழிக்க முடியாது. அழிக்கும்படி கேட்கலாம், அந்த வீட்டுக்காரர் சரியென்றால் அழியும்.

எல்லோரும் அவளை ஆசீர்வதித்தார்கள். ஆசீர்வாதத்தில் மின்சாரம் ஓடாது.

"மேடம், கரண்டு பில்லு ஏறிக்கினே போவுது. பொட்டிங்களுக்குன்னு ஏசி வேற ஓடிக்கினு கீது," என்றான் அப்பாவு. "இந்த மாசம் ஓட்டிக்கிறேன். அப்பால எடுத்துக்கினு போய்டணும். கோச்சிக்காதீங்க."

கல்லூரியிலோ சம்பளம் வந்தால் வரும். பெட்டிகள் நின்றுபோனால் எல்லோரும் மறுபடி அதே கம்பெனியின் ஆப்பில்தான் போய் விழுவார்கள். அதனால்தான் திறந்த வலைகளுக்கு நிதி கொடுக்கும் பெங்களூர் அறக்கட்டளை ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள். பிச்சை கேட்கத் தெரியாதவள் எழுதிய விண்ணப்பம். எதற்கு வேண்டும் என்பதை மட்டும் எழுதியிருந்தாள். அந்தப் புதுமையில் மயங்கியோ என்னவோ, யஸ்வந்த் என்ற அதிகாரியை அனுப்பிவைத்தார்கள்.

யஸ்வந்த் முதல் வேலையாகத் தரிசனத்தை முடித்துக்கொண்டு, லட்டுப் பையும் கையுமாக வந்தான். வைஜயந்தியின் சித்தப்பா முறை கோவர்தன் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. "கம்யூனிட்டி" என்ற சொல் அவன் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு போல ஒழுகிக்கொண்டே இருந்தது. அந்தக் கம்யூனிட்டி தரையில் உட்கார்ந்து அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

சேதி போய்ச் சேர்வதைக் காட்ட இன்னொரு போனை எடுத்துவர வைஜயந்தி மாடிக்குப் போனாள். அந்த இடைவெளியில் யஸ்வந்த் சொன்னான்: "சார், லைவா ஒரு மெசேஜ் போடுங்களேன். நீங்க நார்மலா எப்படி யூஸ் பண்ணுவீங்களோ, அப்படியே."

கோவர்தன் சொன்னதைச் செய்கிற மனிதர். நார்மலாக அவர் போட்டதெல்லாம் சாவுச் சேதி. விளையாட்டுக்கென்றாலும் இன்னொருவர் பெயரை அதில் எழுதலாமா? அவருக்கு விரல் வரவில்லை. ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார்: 'கோவர்தன் ஸ்வாமி இன்று காலை ஆசார்யன் திருவடியை அடைந்தார்.' அனுப்பினார்.

"சூப்பர் சார்! டூ செகண்ட்ஸ்!" என்று யஸ்வந்த் கைதட்டினான்.

வைஜயந்தி மாடிப்படியில் நின்றபடியே கையிலிருந்த போனில் படித்தாள். "சித்தப்பா! என்ன காரியம் பண்ணினேள்?"

"டெமோம்மா. வேற யார் பேரைப் போடறது? பாவமில்லையோ?"

அதற்குள் வீட்டுக்கு வீடு தலைமுழுகிக்கொண்டிருந்தார்கள். மலைக்குப் புறப்பட்ட இரண்டு பேர் அடிவாரத்து அலிபிரியிலிருந்தே திரும்பிவிட்டார்கள். வைஜயந்தியின் அம்மா பெருந்தேவி, தலையில் ஈரம் சொட்ட அழுதுகொண்டே ஓடிவந்தாள். வாசலைத் தாண்டினால், பிரேதம் நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரை உயர்த்திக் காபி குடித்துக்கொண்டிருக்கிறது.

"ஏண்டா கோவர்தா, செத்துப்போனவனுக்குக் காபி ஒரு கேடா?"

"மன்னி, ஆறிப்போயிடுமேன்னு..."

"ஆறட்டுமே! நான் பச்சத்தண்ணியில தலைய நனைச்சுண்டு ஓடிவரேன், இவருக்குக் காபி ஆறிப்போயிடறதாம்!"

வைஜயந்தி சேதியை அழிக்கும்படி எல்லா வீடுகளுக்கும் கோரிக்கை அனுப்பினாள். சிலர் அழித்தார்கள். சிலருக்கு எந்தப் பட்டன் என்று தெரியவில்லை. வெங்கடராகவன் பெரியப்பா மட்டும் மறுத்தார். "செத்தான்னு சொன்னதும் அந்த சர்வர்தான், இருக்கான்னு சொல்றதும் அந்த சர்வர்தான். எதைன்னு நம்பறது?" என்று, எதிரே நின்ற கோவர்தனைப் பார்த்தே கேட்டார்.

அடுத்த ஞாயிறு பெரியப்பா வீட்டில் கூட்டம். நமக்கு ஒரு தலை வேண்டும், தப்பை உடனே அழிக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பெங்களூரிலிருந்து யஸ்வந்த் போன் திரையில் தோன்றினான். நிதி தயாராம். மூன்று வருஷத்துக்காம். ஒரே ஒரு நிபந்தனையாம்.

"டிசென்ட்ரலைசேஷன்ல நாங்க ரொம்ப கமிட்டட் மேடம். ஆனா எல்லா சர்வருக்கும் சேர்த்து ஒரு சென்ட்ரல் பட்டன் எங்ககிட்ட இருந்தா, போர்டுக்குக் கொஞ்சம் கம்ஃபர்ட்டா இருக்கும்."

"எந்த வீட்டுச் சேதியை வேணும்னாலும் பெங்களூர்லேர்ந்து அழிக்கலாம். அப்படித்தானே?"

"எமர்ஜென்சிக்குத்தான் மேடம்."

"எமர்ஜென்சி எதுன்னு யார் சொல்லுவா?"

"போர்டு."

"பூட்டு எங்காத்துல, சாவி உங்காத்துல. இதுக்கு என்ன சார் பேரு?"

"கவர்னன்ஸ்," என்றான் யஸ்வந்த், கொஞ்சமும் கூசாமல்.

பெரியப்பா குறுக்கிட்டார். "நல்ல மனுஷாளாத்தான் தெரியறா. லட்டெல்லாம் வாங்கிண்டு போனா. அவாளே பாத்துண்டு போகட்டுமே, நமக்கென்ன கஷ்டம்?"

கூடம் முழுக்கத் தலையாட்டியது. ஒரு கம்பெனி தங்களைத் துடைத்தெறிந்தது என்று அழுத அதே முகங்கள். இப்போது துடைக்கும் துணியைத் தாங்களே நனைத்துப் பிழிந்து இன்னொருவன் கையில் கொடுக்கக் காத்திருந்தன. வைஜயந்திக்கு யஸ்வந்த் மேல்கூட அவ்வளவு வெறுப்பு வரவில்லை. அவனுக்கு அதற்குத்தான் சம்பளம். இவர்கள் அதே வேலையைச் சும்மா செய்கிறார்கள்.

"உங்க பணம் வேண்டாம் சார்," என்று போனை அணைத்தாள். கூடத்தின் பக்கம் திரும்பினாள். "நாளன்னிக்கு எல்லா டப்பாவும் சித்தூர்லேர்ந்து வந்துடும். அவாவா டப்பாவை அவாவா ஆத்துல வெச்சுக்கோங்கோ. கரண்ட் உங்களுது, தூசி தட்டறதும் உங்களுது. எப்படி ஓட்டறதுன்னு ஒரு நாள் வந்து சொல்லித்தரேன். ஒரு நாள்தான்."

"எங்கேடி வைக்கறது? பெருமாள் உள்ளுலயா, பாத்ரூம்லயா?" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

"மூளைக்குன்னு வெச்ச எடம் காலியாத்தானே இருக்கு, அங்க வைங்கோ," என்றாள் அவள். சிரிப்பு நின்றது.

அப்பாவு பெட்டிகளைத் தன் வேனிலேயே கொண்டுவந்து இறக்கினான். "லாரி லாரியா துட்டு தரேன்னானாமே, வாணாம்னுட்டீங்களாமே மேடம்?" என்று கேட்டுக்கொண்டே வேனைக் கிளப்பினான். கோவர்தன் முதல் ஆளாக வந்து தன் பெட்டியை மடியில் ஏந்திக்கொண்டு போனார். இன்னும் சில வீடுகள் எடுத்துக்கொண்டன. அதிலும் ஒரு வீட்டில், ஓரம் மடங்காமல் இருக்கப் பஞ்சாங்கத்தின் மேல் வைத்திருப்பதாகக் கேள்வி. மிச்சப் பெட்டிகள் வைஜயந்தியின் கட்டிலுக்கு அடியில் போயின. அந்த வீடுகள் கம்பெனியின் ஆப்பில் புதுக் குரூப் தொடங்கிப் பூப்படமும் காலை வணக்கமும் அனுப்பிக்கொண்டிருந்தன. வைஜயந்தி அதில் சேரவில்லை. கோவர்தனை அவர்களே சேர்க்கவில்லை, செத்துப் பிழைத்தவர் எதை அனுப்புவாரோ என்ற பயம்.

கார்த்திகையில் ஒரு காலை, சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவள் போனில் சேதி வந்தது. கோவர்தன் வீட்டுச் சர்வரிலிருந்து. சென்னையில் மருமகளுக்கு ஆண் குழந்தை, தாயும் சேயும் சௌக்கியம். பிறப்புத் தீட்டு. பெட்டி வைத்திருந்த வீடுகள் அதே நொடியில் படித்திருக்கும்.

பெட்டி எடுக்காத பெரியப்பாவுக்கு அன்று முறை. அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

போகட்டும் என்று நினைத்தாள். தீட்டோடு ஏறட்டும், இறங்கிவந்து மறுபடி அழட்டும். அப்போதாவது உறைக்கும். சந்திரகிரிக் கோட்டை ஜன்னலில் வந்து போனது. அன்று பெரியப்பா அழுத முகம் நினைவுக்கு வந்தது. தன்னையே ஒரு கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டு எண்ணைத் தட்டினாள்.

"பெரியப்பா, எங்க இருக்கேள்?"

"அலிபிரி. பஸ்ஸுக்கு நிக்கறேன்."

"ஏறாதீங்கோ. கோவர்தன் சித்தப்பாவுக்குப் பேரன் பொறந்திருக்கான்."

"நெஜமாத்தானா? டெமோ இல்லையே?"

"நெஜம்."

"நல்ல வேளை சொன்னே, க்ஷேமமா இரு," என்றார். உடனே குரல் தெளிந்தது. "இதோ பார், போன்லயே ஒரு நிமிஷத்துல சொல்லிட்டே. இதுக்குப் போய் அந்த டப்பாவெல்லாம் எதுக்குடி?"

வைஜயந்தி இணைப்பைத் துண்டித்தாள். பெட்டி எடுக்காத வீடுகள் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. இன்று மலையில் முறை இருப்பவர்கள் அதில் இன்னும் எத்தனை பேரோ. கண்டக்டர் டிக்கெட் கேட்டு நின்றான். ஒரு கையால் சில்லறையை நீட்டிக்கொண்டே, பல்லைக் கடித்தபடி, அடுத்த எண்ணைத் தேடினாள்.