பொய் மொட்டை

நைனா என் படிப்புக்காக மாதாமாதம் மொட்டை போட்டுக்கொண்டார். வேண்டுதல் எதுவும் கிடையாது. எல்லாம் அரிசிக்காக.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம். அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் நான் தங்கிப் படித்த தனியார் பள்ளியில், நாங்கள் கட்டுகிற சம்பளம் போதாதென்று, பையன் தின்கிற அரிசியையும் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் திருத்தணிப் பக்கம். அப்போது அது சித்தூர் ஜில்லா. ஒரு ஜில்லா அரிசி இன்னொரு ஜில்லாவுக்குப் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ரயிலில் மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்த்துப் பார்ப்பார்கள். மலையிறங்கி வரும் மொட்டைத் தலையையும் காவடியையும் மட்டும் எந்தப் போலீஸ்காரனும் தொடமாட்டான். அதனால் நைனா தலையில் சந்தனம் பூசி, மஞ்சள் வேட்டி கட்டி, காவடியின் இரு பக்கமும் அரிசிப் பையைத் தொங்கவிட்டு, அரோகரா போட்டபடி வந்து சேர்வார்.

"சாமியையே ஏமாத்திக்கினு இருக்கியே, நல்லதுக்கில்ல" என்று அம்மா அழுவாள். "இவனாவது ஏர் புடிக்காம இருக்கட்டும்" என்பார் நைனா. நிலம் இருந்தும் வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான். சர்க்காருக்கு அளந்ததுபோக மிஞ்சிய நெல்லெல்லாம் என் தட்டுக்கு வந்தது.

அந்த மழைக்காலத்தில் தங்கச்சி காய்ச்சலில் படுத்தாள். கூழ் வயிற்றில் தங்கவில்லை. அரிசிக் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. அதற்கு எடுத்துவைத்ததில் என் பை இளைத்தது. விடுதிக்காரர் படியால் அளந்து பார்த்துவிட்டு எரிந்து விழுந்தார். "அடுத்த தபா கொறைஞ்சா பையனையும் இட்டுக்கினு போயிடுப்பா." நைனா அவரைக் கும்பிட்டார். எனக்கு அந்த விடுதிக்காரர் மேல் ஆத்திரமாக வந்தது.

அடுத்த மாதம் பை நிறைந்திருந்தது. "ஆங், இப்படிக் கொண்டா" என்று விடுதிக்காரர் சந்தோஷப்பட்டார். நான் வாசல்வரை கூடவே போய், "தங்கச்சி கஞ்சிக்கு இருக்குதா நைனா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு இனிமே வேணாம்டா."

அவ்வளவுதான் சொன்னார். மொட்டைத் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

பொய் மொட்டைக்குச் சாமி கொடுத்த தண்டனை என்று அம்மா சாகும்வரை சொன்னாள். சாமி இப்படி அளந்து வாங்குமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் படிப்பால்தான் உத்தியோகம் பார்த்தேன், இன்றுவரை பென்ஷன் வாங்குகிறேன். அதை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நைனா அப்படிச் சொல்லிவிட்டுப் போன அன்று ராத்திரி சாப்பாட்டு மணி அடித்தது. அழுதுகொண்டேதான் போய் உட்கார்ந்தேன். பசித்தது. சாப்பிட்டேன்.