ஒரு சாண் வால் டியூப்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல் நடந்த வருடம் அது. நான் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கிராம நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே போனாலும் என்னுடைய லேடீஸ் சைக்கிள்தான்.

அந்த சைக்கிளை நான் யாரையும் தொட விடமாட்டேன். கடைக்குக் கொண்டுபோனால், பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் என் ஜாதகத்தையே கணித்துவிடுவார்கள். அதனால் எல்லா வேலையையும் நானே கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எண்ணெய் விடுவேன். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். காற்றடித்துவிட்டு விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைப்பேன். குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் வால் டியூப் போய்விட்டது என்று அர்த்தம். வால்வு பின்னின் மேல் மாட்டியிருக்கும், மண்புழு மாதிரி மெல்லிசான அந்த ரப்பர் குழாய்தான் காற்றைப் பிடித்து வைக்கிறது. அதில் ஒரு சாண் வாங்கி சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்திருப்பேன். "எங்க வூட்ல மாட்டைக்கூட இப்டி கழுவுறது இல்ல" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி பண்ணுவார். பண்ணட்டும். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஒரு தனி கர்வம்.

மறியல் அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். கரியாலூர் பக்கத்து மலை ஊர்களிலிருந்து தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக்கு நடந்தே இறங்கி வருவார்கள். போன மாதம் மருந்து கொண்டுபோகும் ஜீப் கெட்டுப்போய் நாங்கள் போகவில்லை. வெயிலில் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். இந்தத் தடவையும் ஏமாந்தால் அப்புறம் இறங்கியே வரமாட்டார்கள். மறியல் செய்தி மலைக்குப் போயிருக்கவும் வழியில்லை. பஸ், ஜீப் எதுவும் ஓடவில்லை. மருந்து இருந்த ஐஸ் பெட்டியை கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஐஸ் உருகினால் மருந்து வீண்.

பாதி வழியில் ஒரு பெரிய புளியமரத்தை வெட்டி ரோட்டில் குறுக்கே போட்டிருந்தார்கள். ஆபீஸ் போகிறவர்கள் சைக்கிளில் நழுவுகிறார்கள் என்று சைக்கிள்களையும் மடக்கினார்கள். வால்வு பின்னைப் பிடுங்கி ஒரு துண்டில் போட்டுக்கொண்டு, "சாய்ந்தரம் வந்து வாங்கிக்கங்க" என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி வாயைத் திறப்பதற்குள் ஒரு மீசைக்காரர் குனிந்து என் பின் சக்கரத்தில் பிடுங்கிவிட்டார். புஸ்ஸென்று மொத்தக் காற்றும் போனது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இது புள்ளைங்களுக்குப் போடுற மருந்து. மலையில இருந்து வந்து காத்துக்கிட்டு இருக்காங்க. ஐஸ் உருகிப்போச்சுன்னா நீங்கதான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்" என்றேன்.

மீசைக்காரர் முகம் தொங்கிவிட்டது. "நர்சம்மாங்களா? டைப் அடிக்கப் போற பொண்ணுன்னு நெனச்சிட்டேங்க."

துண்டை விரித்தார். எல்லோருடைய வால்வு பின்னும் கலந்து கிடந்தது. எல்லாம் ஒரே அளவுதான் என்பதால் ஒன்றை எடுத்தேன். பிடுங்கிய வேகத்தில் ரப்பர் கிழிந்திருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்த வால் டியூபில் ஒரு துண்டைக் கத்தரித்து, எச்சில் தொட்டு மாட்டினேன். அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளூரப் பெருமைதான். மாட்டிய பிறகுதான் உறைத்தது, பம்ப் வீட்டில் இருக்கிறது. பெட்டியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மீசைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரும்புக் கொல்லை வழியாக ஊருக்குள் ஓடினார். மற்றவர்கள் பெட்டியை அவிழ்த்து, விழுந்து கிடந்த மரத்தின் கிளைகளுக்குள் இருந்த நிழலில் வைத்தார்கள். ஒருத்தர் தன் தோள் துண்டை வாய்க்காலில் நனைத்து வந்து அதன் மேல் போர்த்தினார். மீசைக்காரர் பம்போடு மூச்சிரைக்க வந்து தானே காற்றடித்தார். நாலைந்து பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். அடுத்த இடத்திலும் மடக்குவார்கள் என்று அவர் தன் சைக்கிளில் எனக்கு முன்னாலேயே வந்தார். "நர்சம்மா வராங்க, வழி வுடு" என்று அவர் கத்தக் கத்த எல்லா இடத்திலும் வழி கிடைத்தது.

அடிவாரத்தில் தாய்மார்கள் இருந்தார்கள். "வரமாட்டீங்கன்னு கெளம்புனோம். பாப்பா தூங்கிடுச்சி, சரின்னு ஒக்காந்துட்டோம்" என்றாள் ஒருத்தி. பெட்டியைத் திறந்தேன். தண்ணீரில் ஐஸ் துண்டுகள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் திரும்பி வந்தால், புளியமரத்துக்குப் பக்கத்தில் ஏழெட்டு சைக்கிள்கள். மீசைக்காரர் நடுவில் பம்போடு குந்தியிருந்தார். சொன்னபடி பின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஆனால் ஒன்றிலும் ரப்பர் உருப்படியாக இல்லை. ஆளாளுக்கு அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஊசி போட்டாச்சிங்களா?" என்று கேட்டார். போட்டாயிற்று என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "அந்த ரப்பரு இன்னும் கொஞ்சம் இருக்குதுங்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, மிச்சமிருந்ததைச் சின்னச் சின்னதாகக் கத்தரித்து நான் மாட்ட மாட்ட, அவர் காற்றடித்து ஒவ்வொருவரையாக அனுப்பிவைத்தார்.

இப்போதும் கடைத்தெருவுக்கு சைக்கிளில்தான் போகிறேன், சீட்டுக்கு அடியில் வால் டியூப் இருக்கிறது. ஆனால் என் சைக்கிளுக்கு மட்டும் போதும் என்று கணக்குப் பார்த்து வாங்குகிற பழக்கம் அந்தப் புளியமரத்தடியோடு என்னை விட்டுப் போய்விட்டது.