ஃபியூஸைத் தாண்டிய ஒயர்

ஆட்டோ எலெக்ட்ரீஷியனுக்குக் கடைத்தெரு வைத்த பெயர் டெஸ்டர். சும்மா வைக்கவில்லை. மனைவி காய் வாங்கி வந்தால் கடைக்காரரிடமே போய் விலை விசாரித்துவிட்டு வருவார். சீல் பிரிக்காத புது பேட்டரியையும் விளக்கு எரியவிட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். தன் நிழலையே நம்பாத மனுஷன் என்று கேலி பேசுவார்கள். வண்டியோடு நின்றவரை அந்தச் சந்தேகம் சோறு போட்டது. தம்பி மேல் திரும்பியபோதுதான் குடும்பம் இரண்டானது.

எட்டு வருஷத்துக்கு முன் இருவருக்கும் ஒரே பட்டறை. ரிப்பேர் முடிந்து தம்பி ஓட்டிக்கொண்டு போன ஒரு பழைய கார் வழியிலேயே புகைந்தது. ஃபியூஸைத் தாண்டி நேராக ஒயர் இழுத்துவிட்டான், வேலைக்கள்ளன் என்று டெஸ்டர் தெருவே கேட்கக் கத்தினார். கார்க்காரர் கோபத்தில் வண்டியைக் கட்டி இழுத்துப் போய்க் கொட்டகையில் போட்டுவிட்டார். பானெட்டைத் திறந்து யாரும் பார்க்கவில்லை. தம்பி மறுநாளே நாலு தெரு தள்ளித் தனிக்கடை போட்டான்.

இப்போது அதே காரைக் கார்க்காரரின் மகள் கொண்டு வந்து நிறுத்தினாள். டெஸ்டருக்கு உள்ளூர ஒரே குஷி. தம்பியின் திருட்டுத்தனத்துக்குச் சாட்சி தானாக வந்து நிற்கிறதே!

"நடுவுல யாராவது கை வெச்சாங்களாம்மா?"

"இல்ல சார். அப்பா யாரையும் கிட்டயே விடல."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"கொட்டகைச் சாவி என்கிட்டதான் சார் இருக்கு."

பானெட்டைத் தூக்கினார். ஒயர்களின் ரப்பர் தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. கருகிய கட்டுக்குள் துழாவினார். ஃபியூஸ் பெட்டியைத் தாண்டி ஒரு சிவப்பு ஒயர் ஓடியது.

"மாட்டுனான் பாரு!"

இணைப்பில் இருந்த டேப்பை உரிக்க ஆரம்பித்தார். அவர் இடக்கைக்காரர். பிறர் சுற்றிய டேப் அவர் கைக்கு எப்போதும் எதிர்ப்பக்கம் சுழன்று மல்லுக்கு நிற்கும். இது தானாகக் கழன்று வந்தது. பாதியில் கை நின்றுவிட்டது.

அன்று தம்பி புது ஃபியூஸ் பெட்டி வாங்கப் போயிருந்தான். கார்க்காரர் அவசரப்படுத்தினார். இப்போதைக்கு இருக்கட்டும் என்று சுற்றியவர் டெஸ்டரேதான். தம்பி வந்ததும் சொல்ல மறந்தவர், பிறகு தான் சுற்றியதையே மறந்துபோனார்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ஒயரை வெட்டிக் குப்பையில் போட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. வெட்டத்தான் செய்தார். ஆனால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலு தெரு நடந்தார்.

தம்பி ஒரு வேனுக்குள்ளிருந்து தலையை நீட்டினான். டெஸ்டர் ஒயரை நீட்டினார்.

"அந்தக் கார்ல இருந்தது. நான் சுத்துனதுடா. நீ இல்ல."

தம்பி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அண்ணன் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தான்.

"அண்ணி சொல்லி அனுப்புனாங்களா?"

"இல்லடா."

"அந்தக் கார் வேலையில ஏதாச்சும் சிக்கலா? என் தலையில கட்டப் போறியா?"

"இல்லடா, சத்தியமா."

"அப்புறம் எதுக்குண்ணா வந்த? உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்டா."

தம்பி நம்பவில்லை.