மெஹர் நிஷாவின் சுகர்

மெஹர் நிஷாவுக்குச் சுகர் வந்தது மூன்று வருடங்களுக்கு முன், ஐசலின் என்ற அமெரிக்க ஊருக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில், நோன்பு பத்தொன்பதாம் நாள். நோன்பு திறக்கக் கஞ்சிக் கோப்பையை வாங்கினாள். கை ஆடியது. கஞ்சி விரிப்பில் கொட்டியது. வாந்தி எடுத்து, அதன் மேலேயே விழுந்தாள். ஆண்கள் பகுதியிலிருந்து ஓடி வந்த கணவன் ஹாஜா நஜ்முதீனிடம் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"சுகர்" என்றான்.

அவளுக்குச் சுகர் இல்லை. பைபோலார் என்ற மனநோய் இருந்தது. அதற்கு அப்போதே ஒன்பது வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அது ரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு. ஆனால் என்ன நோய் என்று யாராவது கேட்பார்கள். அதனால்தான் வைத்தாள்.

சுகர் மரியாதையான நோய். ஜுலைஹா லாத்தா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அக்கா முறை. ஐம்பத்தெட்டு வயது, காயல்பட்டினம், இருபது வருடச் சுகர்.

"வா மெஹரு, நம்ம கட்சிக்கு ஆள் கம்மியா இருந்துச்சு. வெந்தயத் தண்ணி குடி. வெறும் வயித்துல."

அதற்குப் பிறகு மெஹர் நிஷா நோன்பு வைக்கவில்லை. வெளியில் இனிப்பையும் தொட முடியவில்லை. பெருநாள் வட்டிலாப்பத்தைக் காருக்குள் உட்கார்ந்து தின்றாள். மகள் இஸ்ரத் வெளியே காவல் நின்றாள்.

அவள் வேலை மெடிக்கல் கோடிங். வீட்டிலிருந்தபடி, ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் எண் போட வேண்டும். சுகருக்கு இ 11. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அடிப்பாள். பைபோலாருக்கு எஃப் 31. அது வந்தால் மட்டும் நோயாளியின் வயதைப் பார்ப்பாள்.

போன கோடையில் டாக்டர் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற எண்ணைக் காட்டினார். லித்தியத்தால் அறுபத்தாறிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. லித்தியத்தில் தொடரலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதித்துக்கொண்டு. இல்லையென்றால் ஒலான்சபின் என்ற வேறு மாத்திரைக்கு மாறலாம். சிறுநீரகத்துக்குப் பயமில்லை. எடை ஏறும். சுகர் வர வாய்ப்பு உண்டு.

மெஹர் நிஷா சிரித்துவிட்டாள். டாக்டர் அந்தச் சிரிப்பைக் கணினியில் குறித்துக்கொண்டார்.

"ஒலான்சபின்னா நோன்பு வைக்கலாம்ல?" என்றான் ஹாஜா, வீட்டுக்கு வந்ததும். "யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல."

"பதில் சொன்னது நீங்க. கேள்வி என்கிட்டதானே வருது."

"அன்னிக்கு வேற என்ன சொல்லச் சொல்ற? மைக்கைப் பிடிச்சு அனௌன்ஸ் பண்ணவா?"

இஸ்ரத் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். "ஜஸ்ட் டெல் தெம், உம்மா. நோபடி கேர்ஸ்."

"உனக்கு மாப்பிள்ளை பார்க்குறப்போ தெரியும், யார் கேர் பண்றாங்கன்னு."

"ஐ ஆம் ஃபிஃப்டீன், வாப்பா."

சிறுநீரகம் ஒரு பக்கம். மறுபக்கம் டெக்சாஸ். பிளானோவில் இருந்தபோது நான்கு நாள் தூங்காமல், மூன்று வயது இஸ்ரத்தைப் பின்சீட்டில் கட்டி, டோல்வேயில் வடக்கே ஓட்டிக்கொண்டே போனாள். பெட்ரோல் தீர்ந்த இடத்தில் இறங்கி, போகிற கார்களுக்கெல்லாம் சலாம் சொன்னாள். போலீஸ் வரும்வரை குழந்தை மூடிய காருக்குள் இருந்தது. ஜூலை மாதம். அதற்குப் பிறகுதான் லித்தியம். அதற்குப் பிறகு அப்படி ஒரு நாள் வரவில்லை. புது மாத்திரையும் அதேபோல் காக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. டாக்டர் 'பெரும்பாலும்' என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார்.

இன்னொன்றும் இருந்தது. அவளுக்கு நோன்பு வேண்டியிருந்தது. ஊருக்காக அல்ல. இதை டாக்டரிடமும் சொல்லவில்லை, ஹாஜாவிடமும் சொல்லவில்லை. ஒலான்சபினுக்கு மாறினாள்.

ரமலானுக்குள் பத்து கிலோ ஏறியிருந்தது. நாள் தவறாமல் நோன்பு வைத்தாள். கை ஆடவில்லை. ஒரு வார இறுதியில் பள்ளிவாசலில் கஞ்சிக் கோப்பையை நேராகப் பிடித்துக் குடித்ததை ஜுலைஹா லாத்தா பார்த்தார்.

"வெந்தயத் தண்ணி! நான் சொன்னேன்ல?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "டாக்டரெல்லாம் என்னத்துக்கு? மெஹருக்குச் சுகர் போயே போச்சு. உடம்பும் என்னமா தேறியிருக்கா, பாருங்க!"

அன்றே பெண்களின் வாட்ஸப் குழுவில் வெந்தயத்தின் அளவு வந்தது. கீழே மெஹர் நிஷாவின் பெயர். அவள் அதற்குக் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை லாத்தா அவளை ஓரமாக அழைத்துப்போனார். உதடு வெடித்திருந்தது.

"யார்ட்டயும் சொல்லாத. மாத்திரையை விட்டு ஆறு நாளாச்சு. நானும் நோன்புதான். உன்னைப் பார்த்துத்தான் தைரியம் வந்துச்சு."

எனக்குச் சுகரே இருந்ததில்லை, லாத்தா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அப்படியானால் அன்றைக்கு ஏன் விழுந்தாய் என்பது அடுத்த கேள்வி. மெஹர் நிஷா லாத்தாவின் வெடித்த உதட்டையே பார்த்தாள்.

"நாளைக்கு போன் பண்றேன் லாத்தா" என்றாள்.

பண்ணவில்லை. திங்கட்கிழமை மதியம், வேலைக்கு நடுவில், அவளுடைய ரத்தச் சோதனை முடிவு போனில் வந்தது. சுகரின் மூன்று மாதச் சராசரி ஏழு புள்ளி ஒன்று; ஆறரையைத் தொட்டாலே நோய். இந்த எண்ணுக்கு எந்தக் குறியீடு என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடனே லாத்தாவைக் கூப்பிட்டாள். குரலில் ஒரு தெம்பு இருந்தது. அதை அவளே கவனித்தாள்.

"எனக்குச் சுகர் இருக்கு லாத்தா. ரிப்போர்ட் வந்திருக்கு. அனுப்புறேன், பாருங்க. வெந்தயத்துக்குக் கேட்கல. இப்பவே நோன்பைத் திறந்துட்டு உங்க டாக்டருக்கு போன் பண்ணுங்க."

"இப்பவா? தலை வேற சுத்துதுடி."

"இப்பவே."

லாத்தா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தார். சனிக்கிழமையே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மெஹர் நிஷா யாரிடமும் கேட்கவில்லை. லாத்தா அவளைத் தன் உயிரைக் காப்பாற்றியவள் என்று சொல்லிவருகிறார்.

லித்தியத்துக்குத் திரும்பலாம், அல்லது ஒலான்சபினோடு சுகர் மாத்திரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இரண்டையும் வீட்டில் சொன்னாள்.

"சேர்த்துக்க" என்றான் ஹாஜா. "இனிமே அது பொய் இல்லையே."

அவள் சேர்த்துக்கொண்டாள்.

சுகர் மாத்திரைக் குப்பி சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு, தங்களுடையதைச் சொல்கிறார்கள். மற்ற மாத்திரை, லித்தியம் இருந்த பழைய இடத்திலேயே, அரிசி மாவு டப்பாவுக்குப் பின்னால்.