மாப்பிள்ளையின் தொண்ணூற்றொன்பது

ஒரு மில்லி விநாடி கழித்து எழுப்பிவிடு என்று, கம்ப்யூட்டருக்குள் எல்லாப் புரோகிராம்களையும் மேய்க்கிற கெர்னலிடம் சொன்னால், அது ஒரே ஒரு வாக்குத்தான் தரும்: அதற்கு முன்னால் எழுப்ப மாட்டேன். எவ்வளவு பின்னால் என்று கேட்கக் கூடாது. நேரம் வந்ததும் நம் புரோகிராமை வரிசையில் நிறுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். பிராசஸர் யாருக்கு என்பதை முன்னுரிமை எண்தான் தீர்மானிக்கும். எண் பெரிதாக உள்ளவர் போய் உட்கார்ந்துவிட்டால், அவராக எழுந்திருக்கும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான்.

அன்னூர் சாலையில், நூலைக் கோனில் சுற்றும் இயந்திரம் செய்கிற கம்பெனியில் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியது. மோட்டாரையும் நூல் வெட்டும் கத்தியையும் ஓட்டும் புரோகிராம் என்னுடையது. மூடியைத் திறந்தால் கத்தி உடனே நிற்க வேண்டும். மூடி திறந்ததும் கத்தியின் கரண்டை நேராக நிறுத்தத் தனியாக ஒரு ஒயர் இழுத்துவிடலாம் என்றேன். அதையும் புரோகிராமே பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டார்கள். அதே போர்டில், அதே ஒற்றைப் பிராசஸரில் இன்னும் இரண்டு புரோகிராம்கள் ஓடின. இயந்திரத்தின் திரையில் படம் காட்டுவது முதலாளியின் மாப்பிள்ளை எழுதியது. உற்பத்தி விவரத்தைத் தொகுப்பது முதலாளியின் மச்சான் எழுதியது.

கத்திக்குத்தான் பெரிய எண் வேண்டும், திரை தாமதமானால் யாருக்கும் ரத்தம் வராது என்று கூட்டத்தில் சொன்னேன். முதலாளி என்னைப் பரிவோடு பார்த்தார்.

“மாப்பிள்ளையக் கீழ வெச்சுப்போட்டு நீங்க மேல உக்காந்தா நல்லாருக்குமுங்களா?”

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை இரண்டாம் பந்திக்கு அனுப்புகிறவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்குத் தொண்ணூற்றொன்பது கொடுத்தார்கள். அதற்கு மேல் எண் கிடையாது. மச்சான் முகம் சுண்டியதும் அவருக்கும் அதையே கொடுத்தார்கள். சம்பளத்துக்கு இருக்கிற எனக்கு, அதாவது கத்திக்கு, பத்து. ஒருமுறை யாரிடமும் சொல்லாமல் எண்களை மாற்றிவைத்தேன். மறுநாளே மாப்பிள்ளை, ‘வேண்டாமுங்க’ என்று சொல்லிப் பழையபடி ஆக்கிவிட்டார். இந்த ஊரில் ஆளைக் கொல்வதென்றாலும் ‘ங்க’ போட்டுத்தான் கொல்வார்கள்.

இயந்திரங்களை ஓட்டிச் சோதிப்பதற்கு ஒரு அக்கா இருந்தார். காரமடையிலிருந்து பஸ்ஸில் வருவார். நூல் அறுந்தால் மூடியைத் திறந்து, அறுந்த நுனியை இரண்டு விரலால் கிள்ளியெடுத்துக் கோனில் சேர்ப்பார். அத்தனை லாவகமாக இருக்கும். திறந்ததும் கத்தி நின்றுவிடும் என்று நம்பியிருந்தார். நம்பச் சொன்னவர்களும் நாங்கள்தான்.

ஒரு சனிக்கிழமை மச்சானின் புரோகிராம் வார விவரத்தைத் தொகுக்க உட்கார்ந்தது. எழுந்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நூல் அறுந்து, அக்கா மூடியைத் திறந்து கையை விட்டார். என் புரோகிராம் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயின.

திங்கட்கிழமை அதே தொகுப்பை ஓடவிட்டு, முதலாளியும் மச்சானும் பார்க்கவே மூடியைத் திறந்து ஒரு பென்சிலை நீட்டினேன். துண்டாகி விழுந்தது. மச்சான் குனிந்து துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, பென்சிலை ஏன் அவ்வளவு சீக்கிரம் உள்ளே விட்டேன் என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அடுத்து அவர் கையைப் பிடித்து உள்ளே விட்டிருப்பேன்.

முதலாளி ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இத்தனை அவசரம் ஆகுங்களா அம்மணி? கொஞ்சம் பொறுத்திருந்தா அதுவா நின்னிருக்குமுங்கல்ல.”

தாமதித்தது இயந்திரம் என்று நான் குறுக்கே பேசினேன். நோயாளி முன்னால் இதெல்லாம் எதற்கு என்று என் தோளைத் தட்டினார். அக்கா கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் தப்புத்தான் என்று தலையாட்டினார்.

எண்கள் மாறவில்லை. அதற்குப் பதிலாக ஸ்டிக்கர் அடித்து வந்தது: ‘மூடியைத் திறந்தபின் தயவுசெய்து சற்றுப் பொறுங்கள்.’ மில்லுகளுக்குப் போகவிருந்த இயந்திரங்கள் எல்லாவற்றிலும் ஒட்ட வேண்டும். இனி நூல் நுனியைக் கிள்ள முடியாதவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லையே என்று முதலாளியின் பெருந்தன்மையை எல்லோரும் மெச்சினார்கள். ஸ்டிக்கர் ஒட்டும் வேலையை அக்காவுக்கே கொடுத்தார்கள்.

பின்தாளை உரிக்க விரல் நுனி வேண்டும். அக்கா பல்லால் உரித்தார். மூடியின்மேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“நேரா இருக்குதா கண்ணு, பாத்துச் சொல்லு. கோணலா இருந்தா மாப்பிள்ளை வைவாரு.”