முனியாண்டியை நகர்த்த வேண்டாம் என்ற ஜமால்தீன் நானா

ஜமால்தீன் நானா மௌத்தாகிவிட்டார் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதுளைக்குப் போகும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசலும் கடைகளும். இந்தப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். அரிசி களைந்த ஈரக் கையோடு வாசலில் நின்றேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் கடையும் தெரியும். தண்டவாளத்தைத் தாண்டி இறங்கினால் முதல் கடை. கேட் இல்லாத கடவை அது, நாங்கள் நடந்து நடந்து உண்டான வழி. ரயில் சத்தம் கேட்டால் கடையை விட்டு எழுந்து வந்து கையை விரித்து மறிப்பார். "நில்லுங்க தங்கச்சி. என்கிட்ட கடன் சொல்லலாம், ரயில்கிட்ட ஏலாது" என்பார்.

என் மூத்த மகளுக்கு இடுப்பு வலி கண்ட மத்தியானம் தோட்டத்து லொறி இல்லை. ஆட்டோ வரும் தெருவும் அந்தப் பக்கம்தான். நானா கடை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவளை அதில் உட்கார வைத்து, அவரும் என் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தண்டவாளத்தைத் தாண்டினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கடவை ஓரத்தில் எங்கள் முனியாண்டி இருந்தார். ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். வேலி போட வந்த ரயில்வேக்காரர்கள் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். சாமியில் கை வைக்க அவர்களுக்குப் பயம். பிறகு டவுன் பெருத்தது, கீழே புது ரோடு வந்தது, அது தண்டவாளத்தைத் தாண்ட மேம்பாலமும் கட்டத் தொடங்கினார்கள். மலையில் கோபுரத்தோடு கோயில் கட்டித் தருகிறேன், சாமியை அங்கே கொண்டுபோங்கள் என்றார் பாலத்து ஒப்பந்தக்காரர். எங்கள் தொழிற்சங்கத் தலைவருக்கு வாயெல்லாம் பல். கூட்டம் போட்டார்.

நானா கூப்பிடாமலே வந்து நின்றார்.

"நகத்த வேணாம். சாமி அதுல ஈக்கிற வரைக்கும்தான் ஒங்களுக்குப் பாதை."

"தொப்பி போட்டவருக்கு முனி மேல இம்புட்டு பக்தியாங்க?" என்றார் தலைவர். கூட்டமே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை.

"கடைக்கு ஆள் வராதுன்னு பயப்படுறாரு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"ஓ, அந்தப் பயமும் ஈக்கி. கடை போனா நான் வேற தொழில் பாப்பேன். ஒங்கட பிள்ளைகளுக்கு ஒண்டுன்னா எதால போவீங்க?"

"பாலம் வருதுங்க நானா" என்றார் தலைவர்.

"அது காருக்கு."

ஆடி மாதம் சேவல் அறுத்து, தப்படித்து, நாங்களே முனியைத் தூக்கிப் போனோம். புதுக் கோயிலில் பூசிய சுண்ணாம்பு காயவில்லை, கடவையில் இரும்புத் தூண் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார்கள். பாலத்துக்கு ஏற எங்கள் பக்கம் ஒரு படிகூடக் கிடையாது. மலையைச் சுற்றித்தான் டவுனுக்குப் போக வேண்டும், ஆட்டோவும் அப்படித்தான் வர வேண்டும். பக்கத்து வீட்டு ராசம்மாவின் மகன் பாம்பு கடித்து, அந்தச் சுற்று வழியில் ஆட்டோவிலேயே உயிரை விட்டான்.

அன்று நானா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கம்பி இடுக்கில் பாண் ரொட்டி ஒன்றை நீட்டி, "பொடியன்ட உம்மா சாப்பிட்டாளா தங்கச்சி?" என்றார். அதற்குள் அவர் கடையில் ஆள் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு பூட்டியே போட்டார். அந்தக் கவலையிலேயே படுத்துவிட்டார்.

அடக்கத்தன்று ஆட்டோ சுற்றிப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று வேலிக்கே நடந்தேன். அவர் வீட்டு வாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஜனாஸா வெளியே வந்தது. தோள் மாற்றி மாற்றி, அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அவர் மகள் என்னைக் கண்டு ஓடி வந்தாள். கம்பிக்குள் அவள் விரலைத்தான் பிடிக்க முடிந்தது.

"வாப்பா எல்லாரையும் மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு மாமி."

"தலைவரையுமா?"

"அவரையும்தான்."

அந்தத் தலைவர் இன்று அனுதாபப் பதாகை கட்டியிருக்கிறார், அதே வேலிக் கம்பியில். மன்னித்தது நானாவின் பெரிய மனசு. எனக்கு அந்த மனசு இல்லை. அவர் இறக்கி வைத்த கோபத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன், என்னிடம் அவருடையதாக இருப்பது அது ஒன்றுதான்.

அன்று நானா நாற்காலியில் தூக்கிப் போய்ப் பிறந்த பேத்திக்கு மார்கழியில் பிரசவம். அதுவரை டவுனில் தெரிந்தவர் வீட்டில் இருக்கட்டும் என்கிறார் டாக்டர். டவுனில் எங்களுக்கு நானாவை விட்டால் யாரையும் தெரியாது.